பெரணி இலையில் நரம்புகள் உருவாகும் விதம்: செம்பனைத் தோட்டத்தில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தச் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும், வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகளில் மக்கு சேர்ந்து, அதில் வேர்விட்டு நீளநீளமாகத் தொங்கும் பெரணிகளைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பான்மை நெப்ரோலெப்பிஸ் பைசெராட்டா என்ற இனம். மண்ணை மூடிக் காக்கும் என்பதால் பல தோட்டங்களில் இதை அழிக்காமல் விட்டுவைப்பதும் உண்டு. நம் பிள்ளைகள் அதைக் களையாகவே பார்த்து வளர்கிறார்கள். ஆனால் ஓர் இலை தன் உடலை எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதைக் கற்க இதைவிட நல்ல பாடம் நம் வட்டாரத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கைலென்ஸ், ஓர் ஊசி, கொஞ்சம் பொறுமை இவை போதும். நுண்ணோக்கி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் கற்றுவிடலாம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பூக்கும் தாவரங்களின் இளம் இலை, பெரும்பாலும் தன் பரப்பு முழுவதிலும் பெருகி வளர்கிறது. அதில் பெரிய நரம்பு முதலில் அமையும். இலை அகல அகல, இடைவெளிகளில் சிறிய நரம்புகளும், அவற்றுக்கிடையே இன்னும் மெல்லியவையும் தோன்றும். பெரணியின் வழி வேறு. அதன் இலைப்பரப்பு முக்கியமாக விளிம்பில்தான் உருவாகிறது. விளிம்பை ஒட்டியுள்ள செல்கள் பிரிந்து பிரிந்து புதிய திசுவைப் பின்னால் விட்டுக்கொண்டே முன்னேறும். அந்தத் திசுவுக்குள்ளேயே நரம்பும் விளிம்பைத் தொடர்ந்து நீளும். ஆகவே பெரணி இலையில் நடுநரம்பின் அருகில் இருப்பது முதலில் உருவான பகுதி, விளிம்பில் இருப்பது கடைசியாக உருவான பகுதி. பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்கு இது உடனே புரியும்: சீவிய பட்டையில் மேலே இருப்பது பழைய வெட்டு, கீழே இருப்பது இன்றைய வெட்டு, பட்டையைப் பார்த்தே வேலை எந்த வரிசையில் நடந்தது என்று சொல்லிவிடலாம். பெரணி நரம்பையும் அப்படியே வாசிக்கலாம். இனி வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தைக் கண்ணால் கண்டு உறுதிசெய்துகொள்வதற்காகவே.

முதல் படி: எதை, எங்கே பறிப்பது

ஐந்தாறு வகைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனை மரத்து நெப்ரோலெப்பிஸ் கட்டாயம் வேண்டும். காலைச் சந்தையில் மலாய்க்காரர்களும் ஓராங் அஸ்லி பழங்குடி வியாபாரிகளும் கட்டுக்கட்டாக விற்கும் புச்சோக் பாக்கு இரண்டாவது. தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கும் அந்தக் கீரை டிப்ளேசியம் எஸ்குலென்டம் என்ற பெரணியின் இளஞ்சுருள். கீரைக்கட்டில் முற்றிய இலை இருக்காது என்பதால், ஓடைக்கரையில் வளரும் செடியிலிருந்து ஒரு முழு இலையும் தேடி எடுங்கள். வீட்டு வாசலில் தொட்டியில் வளர்க்கும் பறவைக்கூட்டுப் பெரணி மூன்றாவது. நான்காவது, விசிறி விசிறியாகச் சின்ன இலைகள் கொண்ட அடியாண்டம். செடி விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஐந்தாவது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. பழைய மரங்களின் கவட்டில், காய்ந்த சருகு போன்ற பழுப்பு இலைகளைக் கூடாகக் கட்டி உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று சூப்புக்கு விற்கும் கிழங்கு இதே செடியின் தண்டுதான். கிரியான் பக்கம் நெல்வயல் ஓரத்தில் உறவினர்கள் இருந்தால் நாலிலை கொண்ட ஆரைக்கீரையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவும் பெரணி இனமே.

தோட்டத்துக்குள் போவதற்கு முன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் எலியைத் தேடி நாகம் வந்து தங்கும். அங்கே கையை விடக் கூடாது, முட்டிவரை பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து அடித்த நிரையில் பறிக்க வேண்டாம். அது உடல்நலத்துக்காக மட்டும் சொல்வதன்று. களைக்கொல்லி பட்ட செடியின் புது இலைகள் கோணலாக வளர்வதால் நரம்பமைப்பும் உங்களை ஏமாற்றிவிடும்.

இரண்டாம் படி: வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்

நெப்ரோலெப்பிஸ் இலையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிற்றிலையைக் கிள்ளி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸ் வழியாகப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் மெல்லிய நரம்புகள் சாய்வாகப் புறப்படும். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகக் கவைக்கும். சில மீண்டும் ஒருமுறை கவைக்கும். பிறகு எதுவும் பக்கத்து நரம்பைத் தொடாமல் விளிம்பை நோக்கி நேராக ஓடும். விளிம்புக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு நரம்பின் முனையும் லேசாகத் தடித்து முடிந்திருக்கும். அந்த முனைக்கு மேலே, இலையின் மேற்பரப்பில், வெள்ளைச் சுண்ணாம்புப் பொட்டு ஒன்று தெரியலாம். அது நீர் கசியும் துளை. கசிந்த நீர் உலர்ந்ததும் உப்புகள் வெண்மையாகப் படிகின்றன. பூச்சி முட்டை என்று எண்ணிச் சுரண்டிவிட வேண்டாம்.

இப்போது ஸ்போர் பொட்டுகள் (பெரணி இனம்பெருக்கும் நுண்தூள் அடங்கியவை) உள்ள சிற்றிலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பை ஒட்டி வரிசையாக அமைந்த வட்டப் பொட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நரம்புக் கிளையின் நுனியில் உட்கார்ந்திருக்கும். பொட்டுகள் எங்கே அமையும் என்பதை நரம்புதான் தீர்மானிக்கிறது. பறவைக்கூட்டுப் பெரணியில் அவை நரம்பின் நீளத்துக்கு ஒட்டிய கோடுகள்.

இப்படி எங்கும் இணையாமல் கவைத்துக்கொண்டே போகும் நரம்பமைப்பைத் திறந்த கவை நரம்பமைப்பு என்பார்கள். பெரணிகளில் இதுவே பழமையான வடிவம். வலைப்பின்னல் பின்னர், வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியது.

மூன்றாம் படி: சுருளைப் பிரியுங்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஏனென்றால் பெரணி இலை விரிந்து உங்கள் கண்ணில் படும்போது அதன் நரம்பமைப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. விரிந்தபின் நடப்பது பெரும்பாலும் செல்கள் நீண்டு பருப்பதுதான். புதிய கவைகள் விழும் காலம் சுருளுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது.

சந்தையில் வாங்கிய புச்சோக் பாக்கில், தலை இறுக்கமாகச் சுருண்ட ஒரு தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வையுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் இளம் பகுதி நிமிடங்களில் வாடிச் சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் செதில்களை ஊசியால் தள்ளிவிட்டு, வெளிச் சுற்றிலிருந்து உள்ளே மெல்லப் பிரித்துக்கொண்டு போங்கள். பெரணி இலை அடியிலிருந்து நுனியை நோக்கி முதிர்கிறது. அதனால் வெளிச் சுற்றில் இருக்கும் சிற்றிலைகள் மூத்தவை, நடுமையத்தில் இருப்பவை இளையவை. நாள்கணக்காகக் காத்திருந்து பார்க்க வேண்டிய வளர்ச்சிக் கட்டங்கள் அத்தனையும் ஒரே சுருளில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன.

வெளிச் சுற்றுச் சிற்றிலையில் மடல்களும் நரம்புகளும் முழுமையாகத் தெரியும். சில சிற்றிலை உள்ளே போனால் மடல்கள் வெறும் மேடுகளாக இருக்கும். நரம்புகள் மங்கிய நூல்களாகத் தெரியும். விளிம்பு கண்ணாடி போல வெளிறியிருக்கும். இன்னும் உள்ளே போனால் சிற்றிலை ஒரு சிறு முளை மட்டுமே. நடுநரம்புக்கான இழை மட்டும் நிழலாகத் தெரியும், பக்க நரம்பு எதுவும் இருக்காது. மையத்தில் இலையின் நுனி இருக்கிறது. அங்கே ஒரே ஒரு நுனிச் செல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் புதுச் செல்களை வெட்டிக் கொடுக்கிறது. அது லென்ஸுக்கு எட்டாது. ஆனால் நீங்கள் பிரித்த எல்லாச் சிற்றிலைகளும் அந்த ஒரு செல்லிலிருந்து வந்தவை.

பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால், நடுத்தர வயதுச் சிற்றிலை ஒன்றைக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரில் வைத்து மூடிப் பாருங்கள். விளிம்போடு ஒரே வரிசையில் சிறிய, உள்ளடக்கம் அடர்ந்த செல்கள் நிற்கும். பிரிந்து புதுத் திசு தரும் விளிம்பு ஆக்குத்திசு அதுவே. அதற்குச் சற்றுப் பின்னால் சில செல்கள் மட்டும் குறுகி நீண்டு ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்திருக்கும்; வருங்கால நரம்பான முன்கேம்பியம் இது. இன்னும் பின்னால், நடுநரம்புப் பக்கமாக, சுருள்கம்பி போன்ற தடிப்புகள் கொண்ட குழாய்கள் பளிச்சென்று தெரியும். அவை முதலில் முதிர்ந்த, நீர் கடத்தும் சைலம் செல்கள். ஆக, விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கிப் பார்வையை நகர்த்தினால் பிரியும் செல், திசை எடுத்த செல், முதிர்ந்த குழாய் என்ற மூன்று பருவமும் ஒரே நரம்பில் அடுத்தடுத்துக் காணக் கிடைக்கும்.

1960இல் அமெரிக்கத் தாவரவியலாளர் தாமஸ் பிரே இந்தத் திறந்த கவை நரம்புகளின் வளர்ச்சியை நுணுக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார். அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தது நெப்ரோலெப்பிஸ். நம் செம்பனை மரத்தில் தொங்குகிறதே, அதே பேரினம். தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: கவை ஏன் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்

அடியாண்டத்தின் ஒரு விசிறி இலையை வெளிச்சத்தில் வையுங்கள். காம்பிலிருந்து உள்ளே நுழையும்போது ஒன்றிரண்டு நரம்புகள்தான் இருக்கும். அடியிலிருந்து விளிம்பு வரை மூன்று நான்கு இடங்களில் பென்சிலால் வில் போலக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் எத்தனை நரம்புகள் கடக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். அடுத்து, ஒவ்வொரு கோட்டிலும் பக்கத்துப் பக்கத்து நரம்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். அந்தத் தூரம் பெரிதாக மாறியிருக்காது.

வளரும் விளிம்பு அகன்றுகொண்டே போகிறது. நரம்பு முனைகள் அதோடு சேர்ந்து முன்னேறும்போது ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விலகல் கூடும் இடத்தில் முனை முதலில் அகலும். அகன்ற முனையின் நடுச் செல்கள் சாதாரண இலைத் திசுவாக மாறிவிட, இரு ஓரங்களும் தனித்தனி இழைகளாகத் தொடரும். அதுவே கவை. விளிம்பு அகலாமல் நேராக முன்னேறும் இடங்களில் நரம்பும் கவைக்காமல் நேராகப் போகும். விளிம்பின் வேலை எப்போது முடிகிறதோ, அப்போது நரம்பும் நின்றுவிடும். நரம்பு முனைகள் எல்லாம் விளிம்பருகே வந்து முடிவதற்குக் காரணம் இதுதான். தொல்லுயிர்ப் படிவமாகக் கிடைக்கும் இலைகளிலும் நரம்புகள் இப்படி விளிம்பில் முடிந்தால், அந்த இலை விளிம்பு வழியாக வளர்ந்தது என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. நெப்ரோலெப்பிஸின் இளம் இலை ஒன்றிலிருந்து அப்போதுதான் விரிந்த சிற்றிலையையும், முற்றிய இலை ஒன்றில் ஏறக்குறைய அதே இடத்தில் அமைந்த சிற்றிலையையும் எடுத்து, ஒவ்வொரு பக்க நரம்பும் எத்தனை முறை கவைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நரம்பிடைத் தூரம்தான் முற்றியதில் அதிகமாக இருக்கும். கவைகளில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இருக்காது. முடிந்தால் ஒரே சிற்றிலையைச் செடியிலிருந்து பறிக்காமல் சில நாள் இடைவெளியில் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். அதுவே இன்னும் நம்பகமானது.

ஐந்தாம் படி: இணையும் நரம்புகள்

ஓடைக்கரையில் எடுத்த முற்றிய புச்சோக் பாக்கு இலையைத் திருப்புங்கள். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நடுநரம்பு, அதிலிருந்து இரு பக்கமும் சிறு நரம்புகள். இரு மடல்கள் சந்திக்கும் பள்ளத்துக்குக் கீழே கூர்ந்து பாருங்கள். இந்த மடலின் அடி நரம்பும் அடுத்த மடலின் அடி நரம்பும் சாய்ந்து வந்து கூரை முகடு போலச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து ஒரே நரம்பாகப் பள்ளத்தை நோக்கிப் போகும். அதற்கு மேலே அடுத்த சோடியும் அதில் வந்து சேரும். இன்னும் மேலே உள்ளவை சேராமல் தனியாக விளிம்புக்குப் போய்விடும்.

மடல்கள் ஆழமாகப் பிளந்திருந்தால் நரம்புக் கூட்டங்களுக்குச் சந்திக்க வாய்ப்பே இல்லை. பிளவு ஆழம் குறையக் குறைய, இணையும் சோடிகள் கூடும். தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் மண்டிக் கிடக்கும் சைக்ளோசோரஸ் வகைகளைச் சேர்த்து ஒப்பிட்டால் இந்தப் போக்கு தெளிவாகத் தெரியும். இலை வடிவமும் நரம்பு வடிவமும் இரண்டு தனித் திட்டங்கள் அல்ல. இரண்டையும் ஒரே விளிம்புதான் எழுதுகிறது.

இணைப்புக்கு வேறு வழிகளும் உண்டு. பறவைக்கூட்டுப் பெரணியில் நரம்புகள் நெருக்கமாக, இணையாக ஓடி, விளிம்பை அடையும் நேரத்தில் அதை ஒட்டி ஓடும் ஒரே நீண்ட நரம்பில் எல்லாம் சேர்ந்துவிடும். இலையின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இழை துல்லியமாகத் தெரியும். ஆரைக்கீரையில் விசிறியாகக் கவைத்த நரம்புகள் விளிம்பருகே கோத்துக்கொள்ளும். அதன் நெருங்கிய உறவான ரெக்னெல்லிடியத்தின் மூடிய (நரம்புகள் இணைந்த) நரம்பமைப்பையும் பிரே 1962இல் ஆராய்ந்திருக்கிறார். சதுப்பில் ஏறிப் படரும் மிடிங் பெரணியில் நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே ஒரு வரிசைக் குறுகிய கண்ணிகள் (நரம்புகள் இணைந்து மூடிய கட்டங்கள்), அப்பால் திறந்த நரம்புகள். மாத்தாங் சதுப்புநிலக் காடுகளில் வளரும் பியாய் என்ற அக்ரோஸ்டிகத்தில் இலை முழுவதும் ஒரே சீரான கண்ணிகள், உள்ளே எதுவும் இல்லை. டிரைனேரியாவில் பெரிய கண்ணிக்குள் சிறிய கண்ணி, அதற்குள் எதையும் தொடாமல் நின்றுவிட்ட குட்டி நரம்பு முனைகள். மழைநீரிலும் மக்கிலும் கிடந்து இளகிப்போன டிரைனேரியாவின் பழுப்பு இலையைத் தேடி எடுங்கள். மென்மையான திசு உதிர்ந்து வலை மட்டும் எஞ்சியிருக்கும். எந்த ரசாயனமும் இல்லாமல் இயற்கையே தயாரித்துத் தரும் மாதிரி அது.

ஓர் எச்சரிக்கை: ஓடைக் காடுகளில் வளரும் பெரிய ஆஞ்சியாப்டெரிஸ் இலையில், உண்மை நரம்புகளுக்கு இடையே விளிம்பிலிருந்து உள்நோக்கி வரும் மெல்லிய கோடுகள் தெரியும். அவை போலி நரம்புகள். நீர் கடத்தும் குழாய் அவற்றில் இல்லை. எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

ஆறாம் படி: இலையைத் தெளிவாக்குதல்

நரம்புகளை நிலையாகச் சேமித்து வைக்க விரும்பினால் பச்சையத்தை நீக்க வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். சோப்பு தயாரிக்க விற்கும் சோடியம் ஹைட்ராக்சைடு 5 கிராமை 100 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் போட்டுக் கரையுங்கள். எப்போதும் நீரில்தான் அதைப் போட வேண்டும். அதன்மேல் நீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். கண்ணாடிப் பாத்திரம் பயன்படுத்துங்கள். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். இலையை அதில் ஊறவிட்டு, நீர் பழுப்பானதும் மாற்றுங்கள். நெப்ரோலெப்பிஸ் போன்ற மெல்லிய இலை சீக்கிரம் தெளியும். டிரைனேரியாவுக்கு இன்னும் பல நாள் பிடிக்கும். பிறகு நன்றாகக் கழுவி, நீர்கலந்த துணி வெளுப்பானில் வெண்மையாகும்வரை மட்டும் வைத்து எடுங்கள். வெளுப்பானோடு வினிகரோ கழிப்பறை சுத்திகரிப்பானோ கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். மறுபடியும் பலமுறை கழுவி, சாஃப்ரானின் சாயம் இருந்தால் ஏற்றுங்கள். சைலம் சிவப்பாக நிற்கும். கிளிசரின் விட்டு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தால் நெடுநாள் இருக்கும்.

ஏழாம் படி: நரம்பை அறுத்துப் பார்த்தல்

நெப்ரோலெப்பிஸ் இலை ஒன்றையும் டிரைனேரியாவின் பச்சை இலை ஒன்றையும் காம்போடு வெட்டி, வெட்டிய முனையை நீருக்குள் வைத்தே மறுபடி ஓரங்குலம் வெட்டுங்கள். குழாய்க்குள் காற்று புகாமல் இருக்க இது தேவை. பிறகு கூரான பிளேடால் இரண்டிலும் ஒரு பக்க நரம்பை மட்டும் அதன் தொடக்கத்துக்கு அருகில் அறுத்துவிட்டு, காம்பைச் சிவப்பு உணவுச் சாயம் கலந்த நீரில் நிறுத்தி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். திறந்த நரம்பமைப்பில் அறுபட்ட நரம்புக்கு அப்பால் உள்ள பகுதிக்குச் சாயம் போக வழியில்லை. வலைப்பின்னல் இலையில் பக்கத்துக் கண்ணிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். டிரைனேரியா இலை தடிமனானது, ஆகவே அடிப்பக்கத்தைப் பாருங்கள். புழு அரித்த இலையும் உயிரோடு வேலை செய்ய வலை எப்படி உதவுகிறது என்பதை, எந்தப் பாடப்புத்தகப் படத்தையும்விட இந்தச் சோதனை தெளிவாகக் காட்டும்.

எட்டாம் படி: ஸ்போரிலிருந்து வளர்த்தல்

பொறுமை உள்ளவர்களுக்கு இது. டிரைனேரியாவின் முற்றிய பச்சை இலையில் பழுப்பேறிய ஸ்போர் பொட்டுகள் உள்ள துண்டை வெள்ளைத்தாளில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் நுண்ணிய தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த செங்கல் துண்டின்மேல் அதை மெல்லத் தூவி, ஆழமற்ற நீரில் வைத்து, கண்ணாடியால் மூடி, நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் விடுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலமும், பிறகு இதய வடிவத் தகடுகளும் தோன்றும். அந்தத் தகட்டில் நரம்பே கிடையாது. அதன்மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கட்டும். ஆண் செல் நீந்திப் போய்ச் சேர அது வேண்டும்.

பின்னர் தகட்டின் அடியிலிருந்து முதல் குட்டி இலை எழும். அதில் ஒரே நரம்பு நுழைந்து கவைக்கும், அவ்வளவுதான். அடுத்தடுத்த இலைகளில் கவைகள் கூடும். ஆனால் எதுவும் இணையாது. சில இலைகள் கழிந்தபின் முதல் கண்ணி ஒன்று மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் இலைகளில் வலை பெருகும். ஒவ்வொரு இலையும் முழுதாக விரிந்தபின் ஒன்றைக் கிள்ளி, தேதி எழுதிப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவையுங்கள். ஒரே செடியின் எல்லா இலைகளையும் கிள்ளினால் செடி செத்துவிடும். ஆகவே பல குட்டிகளை வளர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கட்டத்து இலையை மட்டும் எடுங்கள். காய்ந்தவற்றை வரிசையாக ஒரே அட்டையில் ஒட்டும்போது, முதல் கண்ணி மூடிய இலையின் பக்கத்தில் ஒரு குறி போட்டுவையுங்கள். தமிழ்ப்பள்ளி அறிவியல் மூலையில் மாட்ட அந்த அட்டை ஒன்றே போதும்.